நோட்டீஸ் போர்டில் பதினோரு கடிதங்கள்

என் வாழ்க்கையில் நான் போடாமல் விட்டவை நிறைய. ஹெல்மெட் போடாமல் விட்டிருக்கிறேன். பரீட்சைத் தாளில் நம்பர் போடாமல் விட்டிருக்கிறேன். ஒருமுறை ரசத்தில் உப்புப் போடாமல் விட்டு, அதை ஒரு வீடே மௌனமாகக் குடித்து முடித்ததைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் எப்படியோ சமாளித்தாகிவிட்டது. இரண்டே இரண்டு மேற்கோள் குறிகளைப் போடாமல் விட்டதை மட்டும் இன்றுவரை சமாளிக்க முடியவில்லை. அதைப் பற்றித் தலை நிமிர்ந்து பேச எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம். எனக்கு வயது இருபத்து நான்கு. தல்லாகுளத்தில் கீழே ஜெராக்ஸ் கடை, மேலே நாங்கள் நான்கு பேர் என்று ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. அங்கிருந்து என்னைக் கப்பலூரில் ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். பம்புகளுக்கு ரப்பர் வாஷர் செய்கிற இடம். மூன்று மாத வேலை. மாடி ஆபீஸில் எனக்கென்று ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர் டெர்மினல், ஒரு லாகின் கொடுத்தார்கள். (அந்த லாகினை நான் சொந்த வீடாகவே நினைத்துவிட்டேன். வாடகை வீட்டுச் சுவரில் கண்ட இடத்தில் ஆணி அடிக்கிறவனின் புத்திதான்.)

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குகிற நாளன்று மதுரையைச் சுற்றியுள்ள எந்தத் தொழிற்சாலையிலும் வேலை நடத்துவது பெரும்பாடு. எல்லாருக்கும் லீவு வேண்டும். ஆனால் அங்கே ரப்பரை அச்சில் அழுத்துகிற பிரஸ்ஸை ஆறவிட்டால் மறுபடி சூடேற்ற அரை நாள் போய்விடும். அதனால் பாதிப் பேருக்கு லீவு, பாதிப் பேருக்கு ஷிப்ட் என்று வைத்திருந்தார்கள். யாருக்கு எது என்பதை சூப்பர்வைசர் முடிவு செய்வார். வருடா வருடம் சண்டை. அந்த வருடம் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. போன வருடம் லீவு எடுத்தவனுக்கு இந்த வருடம் கிடையாது, அதைக் கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லட்டும், நடுவில் யார் கையும் படக்கூடாது என்றார். பட்டியலை ஆபீஸில் யாரும் முன்கூட்டியே பார்க்கவும் கூடாது. கேட் பக்கத்து டைம் ஆபீஸில் இருக்கிற பிரிண்டரில் தாள் வந்ததும், டைம் கீப்பர் ஆண்டியப்பண்ணன் அதைக் கிழித்து அப்படியே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட வேண்டும்.

"ஒரு எழுத்துக்கூட மாறக் கூடாது ஆண்டியப்பா" என்று முதலாளி சொன்னதை அவர் சாமி வாக்காகவே எடுத்துக்கொண்டார்.

மாடி ஆபீஸில் டேட்டா என்ட்ரி வேலை பார்த்தவள் செல்வி. ஒத்தக்கடையிலிருந்து தன் அண்ணன் மலைச்சாமியின் பைக்கில் வருவாள். மலைச்சாமி அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டே ஆயுளைக் கழித்தவர்கள். மலைச்சாமி ஐடிஐயோடு தன் படிப்பை நிறுத்திக்கொண்டு தங்கையைப் படிக்க வைத்தார். அவர்கள் சொந்தத்தில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவள்தான். வேலைக்குப் போகிற பெண்ணைப் பற்றி ஒரு பேச்சு வந்தால் போதும், வீட்டில் நிறுத்திவிடலாம் என்று சொல்வதற்கு நாலு சித்தப்பாக்கள் தயாராக இருந்தார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பாள், அடிக்கும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள் என்பது மட்டும்தான்.

வேலை விஷயத்தைத் தவிர நாங்கள் பேசியதில்லை. அங்கிருந்த கம்ப்யூட்டரை ஓட்டுகிற யூனிக்ஸைப் பழக வேண்டும் என்று அவள் ஒரு நோட்டுப் போட்டு, நான் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்வாள். வேறு எதையாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் எனக்கு பிரிண்டரில் ரிப்பன் மாற்றுவதைப் பற்றித்தான் பேச வந்தது. ஆகவே கடிதம் எழுதுவது என்று முடிவு செய்தேன். டெர்மினலில், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, என் லாகினுக்குள் பத்திரமாக வைத்தேன். எங்கள் தல்லாகுளம் பாஸ் ஒரு விஷயத்தில் மிகக் கண்டிப்பு. ஃபைலின் பெயரைப் பார்த்ததுமே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பார். நான் வேறு எந்தக் கட்டளையையும் அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்ததில்லை. 'செல்விக்கு1', 'செல்விக்கு2' என்று தொடங்கி 'செல்விக்கு11' வரை வைத்திருந்தேன். கூடவே இன்னும் இரண்டு ஃபைல்கள். ஒன்று 'சென்னை வேலை', அதாவது வேறு கம்பெனிக்கு நான் எழுதிய விண்ணப்பம். மற்றொன்று 'காய்ச்சல் லீவு'. அழகரைப் பார்க்கப் போவதற்காக, வரப்போகிற காய்ச்சலுக்கு முன்கூட்டியே எழுதி வைத்த லீவு லெட்டர்.

இனி ஒரு நட்சத்திரக் குறியைப் (*) பற்றிச் சொல்லியாக வேண்டும். தொழிலாளர் விவரமெல்லாம் டேட்டாபேஸில் இருந்தது. அதில் இருக்கிற எல்லா விவரமும் வேண்டுமென்றால், அதனிடம் கேட்கிற கேள்வியில் ஒரு நட்சத்திரம் போட வேண்டும். அந்தக் கேள்வியை நான் ஒரு ஸ்கிரிப்டில், அதாவது ஒரு கட்டளைத் தொகுப்பில், எழுதியிருந்தேன். ஸ்கிரிப்டை முதலில் வாசிப்பது டேட்டாபேஸ் அல்ல, யூனிக்ஸில் கட்டளைகளை வாங்கிக்கொள்கிற ஷெல். அது நடுவில் நிற்கும் ஆபீஸ் பியூன் மாதிரி. கவரை ஒட்டிக் கொடுத்தால் அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பான். ஒட்டாமல் கொடுத்தால் பிரித்து, தனக்குத் தெரிந்த அர்த்தத்தில் நிரப்பிக் கொடுப்பான். ஷெல்லுக்குத் தெரிந்த அர்த்தத்தில் நட்சத்திரம் என்றால் 'இந்த ஃபோல்டரில் இருக்கிற எல்லா ஃபைலும்'. கேள்வியைச் சுற்றி இரண்டு மேற்கோள் குறி போடுவதுதான் கவரை ஒட்டுவது. நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போட்டாலும் போதும். நான் எதையும் போடவில்லை.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். தல்லாகுளத்தில், புதிதாக உண்டாக்கிய காலி ஃபோல்டரில் உட்கார்ந்து பார்த்தேன். ஃபோல்டரில் ஒன்றுமே இல்லாவிட்டால் ஷெல் நட்சத்திரத்தைத் தொடாமல் அப்படியே அனுப்பிவிடும். அழகாக வேலை செய்தது. ஒளிக்க எதுவும் இல்லாதவனுக்கு அந்த ஸ்கிரிப்ட் இன்றும் அழகாகத்தான் வேலை செய்யும்.

பட்டியல் ஒட்ட வேண்டிய நாள் வந்தது. நாலு மணிக்கு ஷிப்ட் மாறும். முதலாளி கோயம்புத்தூர் போயிருந்தார். நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது என் லாகினிலிருந்து ஸ்கிரிப்டை ஓட்டினேன். கேள்வியும் தாளின் தலையிலேயே பெரிதாக அச்சாகும்படி செய்திருந்தேன். எந்தக் கேள்விக்கு இந்தப் பதில் என்று எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும், ஒளிவுமறைவு இருக்கக்கூடாது என்பது என் கொள்கை. (என் கொள்கைகளை நான் பிற்பாடு குறைத்துக்கொண்டேன்.) பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

இரண்டு நிமிடத்தில் டைம் ஆபீஸிலிருந்து போன் வந்தது.

"தம்பி, லிஸ்ட்ட ஒட்டியாச்சு" என்றார் ஆண்டியப்பண்ணன். "ஆனா இதுல ஆம்பள ஆளு பேரு ஒண்ணையும் காணோம். செல்வி பேரு மட்டும் பதினோரு தடவ இருக்கு. அந்தப் புள்ளைக்கு மட்டும் பதினோரு நாளு லீவா?"

நான் படியில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. போர்டுக்கு முன்னால் எண்பது பேர் நின்றார்கள். தாளில் நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் என் ஃபைல்களின் பெயர்கள் ஆங்கில அகர வரிசையில் நின்றன. அதில் ஒரு பிழையும் இல்லை. சென்னை வேலை, காய்ச்சல் லீவு, பிறகு செல்விக்கு1. ஷெல்லின் கணக்குப்படி ஒன்றுக்கு அடுத்து பத்தும் பதினொன்றும் வந்து, அதற்குப் பிறகே இரண்டு வந்தது. அதன் கீழே, கேள்வியில் பிழை என்று டேட்டாபேஸ் ஒரு வரியில் சொல்லியிருந்தது. எல்லாருக்கும் அவ்வளவு ஆங்கிலம் தெரியும். ஒருவர் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். இன்னொருவர், "எழுதுனது யாருப்பா?" என்றார். கூட்டம் என் பக்கம் திரும்பியது.

"அண்ணே, இது லிஸ்டு இல்ல. பிழை. கிழிச்சுருங்க" என்றேன் ஆண்டியப்பண்ணனிடம்.

"மொதலாளி சொல்லாம ஒரு தாளும் எறங்காது தம்பி. கம்ப்யூட்டர்ல வந்ததுல கை வெக்கக் கூடாதுன்னு உத்தரவு."

செல்வி எனக்குப் பின்னாலேயே இறங்கி வந்திருந்தாள். தாளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இது எங்க ஊரு போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகாது சார்" என்றாள் மெதுவாக. "நாளையில இருந்து என்னைய வேலைக்கு விட மாட்டாக. அதுக்குத்தான் ஒவ்வொருத்தரும் காத்துக்கிட்டு இருக்காக."

அவமானம் என்றால் என்ன என்று எனக்கு அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. அதுவரை எனக்கு நேர்ந்ததைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு என்னையே பிடிக்காமல் போயிற்று.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மலைச்சாமி வந்தார். கையில் கிரீஸ் துணி. போர்டைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். ஆறடி உயரம். குரலை உயர்த்தவே இல்லை.

"சார், தொழில்காரன்கிட்டத் தொழில்காரனாக் கேக்குறேன். இது மிஷின் தப்பா, ஆள் தப்பா?"

"மிஷின் தப்புண்ணே" என்று உடனே சொன்னேன்.

"எப்பிடின்னு சொல்லுங்க."

என் வாழ்க்கையில் அத்தனை தெளிவாக நான் எதையும் விளக்கியதில்லை. ஷெல், டேட்டாபேஸ், நட்சத்திரம், மேற்கோள் குறி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ஷிப்ட் முடிந்த எண்பது பேரும் கேட்டார்கள். யூனிக்ஸ் ஷெல்லைப் பற்றிக் கப்பலூரில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு கூட்டம் கூடியிருக்காது.

"செரி" என்றார் மலைச்சாமி. "நட்சத்திரத்த வெறுமனே விட்டா பெட்டிக்குள்ள இருக்குறது அம்புட்டும் வெளிய வந்துரும்."

"ஆமாண்ணே."

"மிஷினு தானா ஒண்ணையும் சேக்காது."

"சேக்காதுண்ணே. இருக்கிறதத்தான் காட்டும்."

"எங்க பிரஸ்ஸும் அப்பிடித்தான். டை அச்சுல இல்லாத உருப்படி வெளிய வராது." அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப இந்தப் பதினொண்ணும் உங்க பெட்டிக்குள்ள நெசமாவே இருக்கு."

என் விளக்கம் முழுவதும் எதை நிரூபித்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆமாம் என்று தலையசைத்தேன்.

"காட்டுங்க" என்றார்.

மூவரும் மாடிக்குப் போனோம். நான் டெர்மினல் முன்னால் உட்கார்ந்தேன். என் தோளுக்குப் பின்னால் அவர் குனிந்து நின்றார். செல்வி கொஞ்சம் தள்ளி நின்றாள். முதல் கடிதத்தைத் திறந்தேன். 'அன்புள்ள செல்விக்கு' என்று இருந்தது. அவ்வளவுதான்.

"கீழ போங்க."

"கீழ ஒண்ணும் இல்லண்ணே."

இரண்டாவதைத் திறந்தேன். 'அன்புள்ள செல்விக்கு.' மூன்றாவதில் 'அன்புள்ள'வை எடுத்துவிட்டு 'வணக்கம்' போட்டிருந்தேன். ஆறாவதில் 'நலம், நலமறிய ஆவல்' வரை முன்னேறியிருந்தேன். எட்டாவதில் பயந்துபோய் 'மேடம்' என்று எழுதியிருந்தேன். பதினோராவதுதான் இருப்பதிலேயே நீளம். 'அன்புள்ள செல்விக்கு, இன்று வெயில் அதிகம்.'

மலைச்சாமி திரையில் விரலை வைத்து அந்த வரியை இருமுறை படித்தார்.

"பதினோரு லெட்டர்ல விஷயம்னு ஒண்ணுமே இல்லையே தம்பி" என்றார். 'சார்' எப்போது 'தம்பி'யானது என்று நான் கவனிக்கவில்லை. "வெயிலு அதிகம்னு அதுக்குத் தெரியாதா?"

பதினோரு தடவை முயன்றும் வராதது அப்போது எங்கிருந்து வரும்?

செல்விதான் பேசினாள். "அண்ணே, கீழ இருக்கவுக பேர மட்டும்தான் பாத்திருக்காக. பேரப் பாத்தா என்னென்னமோ நெனைக்கத் தோணும். உள்ள இருக்கிறதப் பாத்தா ஒண்ணும் நெனைக்க மாட்டாக." பிறகு என்னிடம் திரும்பி, "எந்திரிங்க சார்" என்றாள்.

எழுந்தேன். அவள் உட்கார்ந்தாள். பிரிண்ட் கட்டளைக்குப் பின்னால் 'செல்விக்கு' என்று அடித்து, ஒட்டினாற்போல ஒரு நட்சத்திரம் போட்டாள். அதற்கு மேற்கோள் குறி போடவில்லை. போடக்கூடாத இடம் அது. அந்தப் பெயரில் தொடங்குகிற எல்லாவற்றையும் ஷெல் வெளியே கொண்டுவர வேண்டும். நான் சொல்லிக்கொடுத்ததை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தாள். கீழே பிரிண்டர் ஓடியது.

பிறகு என் ஸ்கிரிப்டைத் திறந்தாள். கேள்வியின் முன்னும் பின்னும் மேற்கோள் குறிகளைப் போட்டு, அதை மறுபடி ஓட்டினாள். தன் நோட்டை எடுத்து ஒரு பக்கத்தை என் முன்னால் வைத்தாள். 'நட்சத்திரம் வந்தால் மேற்கோள் குறிக்குள் வைக்கவும், மறக்கக்கூடாது' என்று நான் சொல்லி அவள் எழுதியிருந்தது. 'மறக்கக்கூடாது' என்பதன் கீழே இரண்டு கோடு. கோடு போடச் சொன்னதும் நான்தான்.

நாங்கள் கீழே போனபோது ஆண்டியப்பண்ணன் உத்தரவுப்படி எல்லாவற்றையும் ஒட்டிவிட்டிருந்தார். பதினோரு கடிதங்களும் ஒரே நீளத் தாளில் போர்டிலிருந்து தொங்கின. கூட்டம் படித்தது. பிறகு யாரோ ஒருவர், "இன்னைக்கு வெயில் அதிகம்" என்றார். எண்பது பேரும் சிரித்தார்கள். நான் கேட்டதிலேயே பெரிய சிரிப்பு அது. ஆனால் அந்தச் சிரிப்பில் செல்வி இல்லை. முழுவதும் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். எழுதத் தெரியாத ஒருத்தனைப் பற்றிய கதையாக அது மாறிவிட்டது. ஒத்தக்கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்தக் கதைதான். மறுநாள் காலை செல்வி அண்ணனின் பைக்கில் வழக்கம்போல வேலைக்கு வந்தாள். அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது என்பதைச் சொல்வதில் வெட்கமில்லை.

சரியான லீவுப் பட்டியலும் கடிதங்களுக்குக் கீழே வந்திருந்தது. அதில் மலைச்சாமிக்கு லீவு இல்லை. தன் அண்ணன் பெயர் அதில் இருக்காது என்று பட்டியலை அச்சிடும்போதே செல்விக்குத் தெரியும். போன வருடக் கணக்கை அடித்து ஏற்றியவளே அவள்தானே.

மலைச்சாமி அதைப் படித்தார். பிறகு என் தோளில் கை வைத்தார். கிரீஸ் என் சட்டையில் ஒட்டியது.

"தம்பி, அந்தக் காய்ச்சல் லெட்டர் இருக்குல்ல, அத அழிச்சுருங்க. அழகர் எறங்குற அன்னைக்கு எனக்கு ஷிப்டு. நீங்களும் எங்கூட நிக்கிறீங்க."

நின்றேன். ஊரே வைகைக் கரையில் இருந்த நாளில், பாதி ஆள் இல்லாத ஷெட்டில் எட்டு மணி நேரம் அவருடைய பிரஸ் பக்கத்தில் நின்றேன். அது ஏப்ரல் வெயிலையே குளுமை என்று நினைக்கவைக்கிற இடம். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"எழுத வரல, செரி. வாயால சொல்லுங்க. என்ன விஷயம்?"

"கட்டிக்கணும்ணே" என்றேன். பதினோரு ஃபைலில் வராத சொல் ரப்பர் நாற்றத்துக்கு நடுவே ஒரே மூச்சில் வந்துவிட்டது.

"அதுகிட்டக் கேட்டீங்களா?"

"இல்லண்ணே."

"மொதல்ல அத ஒழுங்காக் கேளுங்க. அதுக்குச் சம்மதம்னா நான் பாத்துக்கிறேன். இன்னொண்ணு தம்பி, உங்க வீட்ல வேற பாஷை பேசுவீங்கல்ல. அதுல பேரு வெச்சிருந்தா ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது. இம்புட்டுப் படிச்சும் அது தோணலையே."

நாங்கள் சௌராஷ்டிரர்கள். வீட்டில் பேசுகிற மொழி வேறு. அது எனக்கு உண்மையிலேயே தோன்றவில்லை.

செல்வி சம்மதம் சொல்ல நான்கு மாதம் எடுத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அப்பா ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. அம்மா பேசினார், பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிற மாதிரி. கல்யாணத்துக்கு எங்கள் பக்கத்தில் வந்தவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். கப்பலூரிலிருந்து எண்பது பேரும் வந்தார்கள். ஆண்டியப்பண்ணன் அந்த நீளத் தாளை மடித்துக் கொண்டுவந்திருந்தார். முதலாளி இறக்கச் சொன்ன பிறகும் அதைத் தூக்கிப்போட அவருக்கு மனம் வரவில்லையாம். இப்போது அது எங்கள் பீரோவில், செல்வியின் முகூர்த்தப் புடவைக்கு அடியில் இருக்கிறது.

இன்றும் அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் காலையிலேயே மலைச்சாமியிடமிருந்து போன் வரும்.

"மாப்ள, காய்ச்சல் எப்பிடி இருக்கு?"

"பரவாயில்ல மச்சான்."

"வெயிலு?"

"அதிகம்தான்."

உள்ளேயிருந்து செல்வி குரல் கொடுப்பாள். "பன்னெண்டாவது லெட்டர் எழுதிக்கிட்டு இருக்கேன்னு சொல்லுங்க."

எழுதிப் பார்க்காமல் இல்லை. போன வாரம்கூட உட்கார்ந்தேன். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்த பிறகும், 'அன்புள்ள செல்விக்கு' என்பதற்கு அடுத்த வரி எனக்குத் தெரியவில்லை.